ஏசி பைப் பேட்டரித் தட்டில் உராய்கிறது: ஓட்டை விழும் முன் என்ன செய்யலாம்?

திண்டுக்கல் ஆசிரியை

வணக்கம். எங்களுடையது 2013-ஆம் ஆண்டு டீசல் கார். நான் பள்ளிக்குப் போய்வருவதும், விடுமுறையில் குடும்பத்தோடு பழனி, வத்தலக்குண்டு என்று கிளம்புவதும் இதில்தான். சென்ற வாரம் பேட்டரி மாற்றினோம். பழைய பேட்டரியைத் தூக்கி எடுத்தபோது, அது உட்கார்ந்திருந்த இரும்புத் தட்டின் விளிம்பில் ஏசி பைப் ஒன்று சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். பைப்பின் மற்ற பகுதியெல்லாம் மங்கிய சாம்பல் நிறம். தட்டு தொடும் இடம் மட்டும், அரை விரல் நீளத்துக்கு, பளிச்சென்று மின்னுகிறது. அதைச் சுற்றிக் கருப்பாக ஏதோ பொடி. தொட்டால் விரலில் மை ஒட்டுவதைப் போல ஒட்டுகிறது.

பைப்பைப் பிடித்து நிறுத்த அங்கே ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருந்திருக்க வேண்டும். அதன் அடிப்பாகம் பாடியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல்பாகத்தைக் காணவில்லை.

ஏசி இப்போது நன்றாகவே குளிர்கிறது. பேட்டரிக் கடையில், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி மேலே கருப்பு டேப் ஒட்டிவிட்டால் போதும் என்றார்கள். வழக்கமாக சர்வீஸுக்கு விடும் இடத்தில், "ஓட்டை விழுந்ததும் கொண்டு வாருங்கள், பைப்பை மாற்றிவிடலாம்" என்றார்கள். தேய்வது கண்ணுக்கு எதிரே தெரியும்போது ஓட்டை விழும்வரை காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கணவர் பைப்பை லேசாக வளைத்துத் தட்டிலிருந்து விலக்கிவிடலாம் என்று கையை வைத்தார். நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

டியூப் சுற்றினால் உண்மையிலேயே போதுமா? எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? பைப்பை மாற்றாமல் காப்பாற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை ஏசி பட்டறை

வணக்கம் டீச்சர். மதுரையில் கார் ஏசி வேலை மட்டும் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ஏசியில் பழைய ஆர்12 கேஸ் நிரப்பிய வண்டிகள் ஓடிய காலத்திலிருந்தே இந்தத் தொழில்தான். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டை விழுவதற்கு முன்பே இதைக் கேட்டு வருகிறவர்கள் மிகவும் குறைவு.

பைப்பை வளைக்க விடாமல் தடுத்தீர்களே, மிகவும் நல்லது. பல வருடம் வெப்பத்திலும் அதிர்விலும் இருந்த அலுமினிய பைப், அதுவும் ஒரு பக்கம் தேய்ந்தது. அதை வளைத்தால், வளைவது தேய்ந்து மெலிந்த இடத்தில்தான். அங்கேயே விரிசல் விடும். அங்கே விடவில்லையென்றால் பைப்பின் கோடியில் உள்ள இணைப்பு கோணலாகி, உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கிக் கசியும். வண்டி சும்மா நிற்கும்போதுகூட, 35 டிகிரி வெயிலில் அந்த பைப்புக்குள் ஏசியைக் குளிரவைக்கும் ஆர்134ஏ கேஸ் 110 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தத்தில் இருக்கும். ஏசி ஓடும்போது ஹை சைடில், அதாவது அழுத்தம் கூடிய பக்கத்தில், 200, 250 என்பது நம் ஊர் வெயிலில் சாதாரணம். டயரில் நாம் வைக்கும் காற்று 32, 33 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த கேஸ் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 26 டிகிரி. பைப் உடைந்து திரவமாகக் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

இப்போது அந்தக் கருப்புப் பொடிக்கு வருகிறேன். அது அழுக்கில்லை, உங்கள் பைப். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே மெல்லிய ஆக்ஸைடு படலம் உண்டாகும். பைப்பைக் காப்பதே அந்தப் படலம்தான். உராய்வில் அது உரிந்து துகளாகிறது. துகளோ உலோகத்தைவிடப் பல மடங்கு கடினம். கடையில் வாங்கும் உப்புத்தாள் பலவற்றிலும் ஒட்டியிருப்பது இதே அலுமினியம் ஆக்ஸைடுதான். இரும்புத் தட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் இந்தத் துகள் மாட்டிக்கொண்டு, புதிதாக வெளிப்பட்ட உலோகத்தைத் தேய்க்கிறது. அந்த உலோகத்தின் மேல் மறுபடியும் படலம், மறுபடியும் உராய்வு. இதற்குப் பெரிய ஆட்டம் எதுவும் தேவையில்லை. தலைமுடி அளவு அதிர்வு போதும். பைப்பின் சுவர் கனம் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான் என்பதால், எவ்வளவு தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

சைக்கிள் டியூப் விஷயம். ரப்பர் சுற்றுவதில் தவறில்லை. இறுக்கமாகச் சுற்றி மேலே டேப் போட்டு மூடிவிடுவதில்தான் தவறு. மழைநீரும் சாலைத் தூசும் அதற்குள் புகுந்துவிடும், வெளியே வராது. என் பட்டறைக்கு வரும் கசிவு வண்டிகளில் அப்படிச் சுற்றிய டேப்பைக் கத்தியால் கீறி விரித்தால், உள்ளே செம்மண் களிம்பும், அதற்கடியில் அம்மைத் தழும்பு விழுந்த அலுமினியமும் இருக்கும். உராய்வு நின்றிருக்கும், ஆனால் அரிப்பு தொடங்கியிருக்கும். அதைவிட மோசம், அதன் பிறகு அந்த இடத்தை யாரும் பார்ப்பதே இல்லை. டேப் போட்டாயிற்று என்று எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பளபளக்கும் இடத்தை ஈரத் துணியால் துடையுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். விரல் நகத்தை பைப்பின் நீளவாக்கில், நல்ல இடத்திலிருந்து தேய்ந்த இடத்துக்கு மெல்ல நகர்த்துங்கள். எதுவும் தடுக்காமல் போனால் மேற்பூச்சுதான் போயிருக்கிறது. தட்டையாக ஒரு தளம் தட்டுப்பட்டு, ஆனால் நகம் மாட்டவில்லை என்றால் பைப்பைக் காப்பாற்றலாம். நகம் விளிம்பில் மாட்டி நின்றால், அந்த பைப்பை நான் நம்ப மாட்டேன். இது என் பட்டறைக் கணக்கு. பலரும் இதைவிடத் தைரியமாக விட்டுவிடுவார்கள். கூடவே, அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். கேஸோடு, அதை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரின் ஆயிலும் சுற்றிக்கொண்டிருப்பதால், கசிவு தொடங்கிய இடத்தில் எண்ணெய் கசிந்து, அதில் தூசு படிந்து கருத்த வட்டமாக இருக்கும். வறண்ட பொடி என்றால் உராய்வு மட்டும். பிசுபிசுப்பு என்றால் கசிவு.

அது எந்த பைப் என்பதும் முக்கியம். சுண்டுவிரல் தடிமனுக்கும் குறைவாக இருந்தால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்ஸரிலிருந்து, உள்ளே குளிர்விக்கும் கூலிங் காயிலுக்குப் போகும் ஹை சைடு லைன். தடிமனாக இருந்து, ஏசி ஓடும்போது குளிர்ந்து வியர்க்குமானால் லோ சைடு, அழுத்தம் குறைந்த பக்கம். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்ஸருக்குப் போவது கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அதில் சாதாரண டேப்பெல்லாம் உருகி வழிந்துவிடும். என்ஜின் ஓடும்போது கையை உள்ளே விட்டுத் தேட வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றத் தொடங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அந்த பைப் ஏன் தட்டைத் தொட்டது என்பது. கிளிப் உடைந்தது ஒரு காரணம். அந்த கிளிப் ஏன் உடைந்தது? பிளாஸ்டிக் காய்ந்து உடைந்திருக்கலாம். என்ஜினைப் பாடியில் தாங்கும் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்து, என்ஜின் அளவுக்கு மீறி ஆடி, பைப்பை இழுத்து இழுத்து உடைத்திருக்கவும் கூடும். கம்ப்ரஸர் என்ஜினில் இருக்கிறது, கண்டென்ஸர் பாடியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை ஏற்கத்தான் லைனின் நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்திருக்கிறார்கள். மவுண்டிங் போய்விட்டால் அந்த ஹோஸுக்கும் ஈடு கொடுக்க முடியாது. அதனால் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, உங்கள் கணவரை என்ஜினை ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நின்று என்ஜின் எவ்வளவு குதிக்கிறது, பைப் எதையாவது தொடுகிறதா என்று பாருங்கள். டீசல் என்ஜின் அதிகம் ஆடுவது நிறுத்தும் கணத்தில்தான்.

இன்னொன்று. இந்த வண்டியில் பிறகு மாட்டிய ஹாரன், ஃபாக் லைட், ரிமோட் லாக் ஏதாவது உண்டா? அந்த வயர்கள் எதன் மேல் கட்டியிருக்கின்றன என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஓட்டை விழட்டும் என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஓட்டை விழுந்தால் போவது பைப் மட்டுமா? கேஸ் போகும்போது ஆயிலும் வெளியேறும். கம்ப்ரஸருக்கு ஆயிலைக் கொண்டுபோவதே சுற்றிவரும் கேஸ்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் குறைந்த நிலையில் ஓடும் கம்ப்ரஸர் உள்ளே காய்ந்து தேயும். எல்லாக் கேஸும் போய் லைன் திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே போகும். அந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பிறகு, லைனில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் டிரையரையும் மாற்ற வேண்டும். ஒரு கிளிப்பில் முடிய வேண்டிய செலவு எங்கெங்கோ போகும். காற்றுக்கும் கேடுதான். ஆர்134ஏ ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடு 1430 கிலோவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். 2016-இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் உலக நாடுகள் கூடி இந்த வகை வாயுக்களைக் குறைக்க ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். தெரிந்தே அதைக் காற்றில் விடச் சொல்வது தொழிலுக்கு அழகில்லை.

நகச் சோதனையையும் என்ஜின் ஆட்டத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

திண்டுக்கல் ஆசிரியை

மிக்க நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம்.

பேட்டரித் தட்டில் உராய்வது மெல்லிய பைப். துடைத்துவிட்டு நகத்தால் தடவினேன். தட்டையாக ஒரு இடம் தெரிகிறது, நகம் எங்கும் மாட்டவில்லை. பிசுபிசுப்பும் இல்லை. என்ஜினை நிறுத்தும்போது ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. அந்தக் குலுக்கலில் பைப் தட்டில் மோதும் சத்தமே கேட்கிறது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தை உள்ளிருந்து கேட்டிருக்கிறோம், கதவோ டேஷ்போர்டோ என்று நினைத்தோம்.

வயர் விஷயத்தில்தான் அதிர்ச்சி. இந்தக் காரை எங்களுக்கு விற்றவர் இரட்டை ஹாரன் மாட்டியிருந்தார். அதன் வயர், மடிப்பு மடிப்பாக இருக்கும் கருப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குழாயைத் தடிமனான ஏசி பைப்போடு சேர்த்து டேக் (வயர் கட்டும் நைலான் பட்டை) போட்டு இறுக்கியிருக்கிறார்கள், ஹெட்லைட்டுக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். டேக்கை வெட்டி வயரை விலக்கிப் பார்த்தால், குழாயின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கோடு வீதம் பைப்பில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. டேக் இருந்த இடத்தில் இன்னும் ஆழம். அங்கே நகம் நன்றாக மாட்டுகிறது. எண்ணெய் இல்லை, ஆனால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது பயமாக இருந்தது.

நான் பேட்டரி பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு டியூப் சுற்றியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். இப்போது எதை முதலில் செய்ய வேண்டும்?

தூத்துக்குடி டாக்ஸி

வணக்கம். நான் தூத்துக்குடியில் டாக்ஸி ஓட்டுகிறேன். துறைமுகச் சாலை, உப்பளங்கள் வழியாகத்தான் தினப்படி ஓட்டம். எங்கள் பக்கத்தில் உராய்வோடு உப்பும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஒன்று சொல்கிறேன்.

ஏசி பைப்பைப் பிடிக்கும் இரும்பு கிளாம்புக்கு உள்ளே ஒரு ரப்பர் இருக்கும். அது வெடித்து விழுந்துவிட்டால் இரும்பு நேராக அலுமினியத்தில் உட்காரும். இரண்டு வேறு உலோகங்களும் நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் போலப் பூத்திருந்தால் அதுதான். பார்ப்பதற்குப் பைப் உறுதியாக நிற்கும், ஆட்டமும் இருக்காது. கிளாம்பைக் கழற்றினால் அடியில் குழி. எங்கள் ஸ்டாண்டில் பல வண்டிகள் இப்படி கிளாம்புக்கு அடியிலேயே கேஸ் விட்டிருக்கின்றன. அதனால் டீச்சர், புது கிளாம்ப் போடும்போது ரப்பர் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். பழைய கிளாம்புகளையும் ஒரு முறை தளர்த்தி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

நான் வாரம் ஒரு முறை முன்பக்கமும் அடியிலும் வெறும் தண்ணீரால் அலசிவிடுகிறேன். தண்ணீர் சாதாரணக் குழாயிலிருந்து வந்தால் போதும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் வேகத்தில் அடித்தால் கண்டென்ஸர் தகடுகள் மடங்கிவிடும்.

கோவை வெல்டர்

வரிப்பள்ளம் விழுந்த தடிமன் பைப்புக்கு முழு அசெம்பிளியை வாங்கச் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். நான் ஆர்கான் வெல்டிங் செய்பவன். தேய்ந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவு அலுமினிய பைப் வைத்துச் சுற்றிலும் வெல்டு வைக்கலாம். நன்றாகச் செய்தால் ஆயுளுக்கும் நிற்கும். பள்ளத்தின் மேலேயே வெல்டு வைத்து நிரப்பச் சொல்லிச் சிலர் வருவார்கள். அதை நான் செய்வதில்லை. மெலிந்த சுவர் உருகி உள்ளே தொங்கிவிடும், கேஸ் போகும் வழி அடைபடும்.

பைப்பைக் கழற்றித்தான் கொண்டுவர வேண்டும். கேஸ் இருக்கும் லைனில் நெருப்பைக் காட்டவே கூடாது. அழுத்தம் ஒருபுறம், அந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் விஷவாயுவாக மாறும் என்பது மறுபுறம். உள்ளே இருக்கும் ஆயிலையும் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் வெல்டு பிடிக்கும். இரண்டு முனை இணைப்புகளும் எந்தத் திசையைப் பார்த்து நின்றனவோ அதே கோணத்தில் வர வேண்டும் என்பதால், கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோணம் தவறினால் திரும்பப் பூட்டும்போது முறுக்கித்தான் பூட்டுவார்கள், பிறகு அது வேறொரு இடத்தில் உராயும்.

மதுரை ஏசி பட்டறை

டீச்சர், படம் எடுத்து வைத்தது நல்லது. அந்தப் படத்தை வேலை செய்யப்போகிறவரிடம் காட்டுங்கள்.

தூத்துக்குடி நண்பர் சொன்ன கிளாம்ப் விஷயத்தை அப்படியே ஏற்கிறேன். கோவை நண்பர் சொன்ன வெல்டிங்கும் சரிதான், ஒரு நிபந்தனையோடு. பள்ளம் நேரான பகுதியில் இருந்தால் வெட்டிச் சேர்க்கலாம். வளைவிலோ, ரப்பர் ஹோஸைப் பூட்டியிருக்கும் உலோகக் கழுத்துக்கு அருகிலோ இருந்தால் புது பைப்புதான் என் யோசனை. வெல்டிங் சூட்டில் அந்தக் கழுத்துக்குள் இருக்கும் ரப்பர் வெந்துவிடும்.

இந்த வேலையில் வரிசை முக்கியம். மவுண்டிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது கிழிந்திருந்தால் அதை மாற்றிய பிறகுதான் பைப் வேலை. ஏனென்றால் புது மவுண்டிங்கில் என்ஜின் சற்று உயர்ந்து உட்காரும், இடைவெளிகள் எல்லாம் மாறும். பழைய மவுண்டிங்கில் அளந்து பைப்பை நிறுத்திவிட்டு, பிறகு என்ஜினைத் தூக்கினால் செய்த வேலை வீண்.

அடுத்து, இருக்கும் கேஸை இயந்திரத்தில் இழுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். வால்வை அழுத்திக் காற்றில் விடுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். தடிமன் பைப்பைக் கழற்றியதும் இரண்டு பக்கத் திறப்புகளையும் உடனே மூடிவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ஓ-ரிங், அதன் மேல் கம்ப்ரஸர் ஆயில் ஒரு சொட்டுத் தடவி. பிறகு நைட்ரஜன் அடித்து, இணைப்புகளிலும் வெல்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்க்க வேண்டும். நுரை குமிழி விடாமல் இருந்தால், உள்ளே உள்ள காற்றை இழுத்தெடுக்கும் வேக்கம் பம்ப் போட்டு, அரை மணி நேரமாவது ஓடவிட்டு, நிறுத்திய பிறகு கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ் அளவு பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும். அந்த எடைக்கு நிரப்பச் சொல்லுங்கள். கையால் பைப்பைத் தொட்டுப் பார்த்துக் "குளிர்கிறது, போதும்" என்று நிறுத்துவதை நான் ஏற்பதில்லை. டப்பாவில் வரும் கசிவடைப்பு மருந்தை உள்ளே விடலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடைக்கக் கூடாத இடத்தை அடைக்கும்.

இனி மெல்லிய பைப். அதை மாற்ற வேண்டியதில்லை. கிளிப் இருந்த இடத்தில் ரப்பர் வைத்த கிளாம்ப் போட்டு, பைப் தானாக எந்த நிலையில் நிற்க விரும்புகிறதோ அந்த நிலையிலேயே பிடிக்க வேண்டும். இழுத்துப் பிடித்து போல்ட்டை முடுக்கக் கூடாது. அப்படியும் தட்டுக்கு அருகில் இருந்தால், நகர்த்த வேண்டியது தட்டை. பேட்டரித் தட்டின் போல்ட் துளையை அரத்தால் கொஞ்சம் நீளமாக்கித் தட்டைத் தள்ளலாம், அல்லது விளிம்பைத் தட்டி உள்ளே மடக்கலாம். பைப்புக்கும் அசையாத பொருளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம் வேண்டும். என்ஜினோடு சேர்ந்து ஆடும் பொருள் என்றால் இரண்டு விரல்.

இவ்வளவும் செய்த பிறகு, பாதுகாப்புக்கு ஒரு உறை போடலாம். ஹீட்டர் ஹோஸ் துண்டு ஒன்றை வாங்கி நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறுங்கள். பைப்பின் தடிமனுக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் அந்த உறையே ஆடி, நடுவில் மணல் புகுந்து, பைப்பை அரைக்கும். உராயக்கூடிய இடத்தைத் தாண்டி இரு பக்கமும் இரண்டு விரல் நீளம் இருக்கட்டும். கீறல் தரையைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் புகுந்த தண்ணீர் தானாக வடியும். இரண்டு முனையிலும் டேக் போடுங்கள், டேக் ரப்பரின் மேல் மட்டுமே உட்கார வேண்டும். டேக் நேராக அலுமினியத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்கள் தடிமன் பைப்பே காட்டிவிட்டது. நைலான் மிருதுவானதுதான், ஆனால் அதற்கு அடியில் தங்கும் மணல் மிருதுவானதில்லை.

அந்த ஹாரன் வயர். ஏசி பைப்பில் எந்த வயரையும் கட்டக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். பாடியில் இருக்கும் ஒரு போல்ட்டில் சிறிய கிளாம்ப் போட்டு அதில் கட்டச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்துவிட்டது.

வலது பக்க மவுண்டிங்கின் ரப்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. அதை மாற்றியதுமே நிறுத்தும்போது வந்த குலுக்கல் நின்றுவிட்டது. பைப் தட்டில் மோதும் சத்தமும் இல்லை. தடிமன் பைப்பில் பள்ளம் நேரான பகுதியில்தான் இருந்தது என்பதால் வெட்டி ஆர்கான் வெல்டு வைத்தார்கள். வெட்டி எடுத்த துண்டை என்னிடம் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் குறுக்கே பார்த்தேன். டேக் இருந்த இடத்தில் சுவர் தகரத் தாள் கனத்துக்கு வந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஆக்ஸைடு படலம் பற்றி நானே பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனிமேல் அந்தப் பாடத்துக்கு இந்தத் துண்டை வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

கேஸை எடையில் வைத்துத்தான் நிரப்பினார்கள். நானும் பக்கத்தில் நின்று ஸ்டிக்கரில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஹாரன் வயர் இப்போது பாடியில் இருக்கிறது.

இரண்டே கேள்விகள் மிச்சம். இனி எத்தனை நாளுக்கு ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும்? எங்கள் தெருவில் எலித் தொல்லை அதிகம். ரப்பர் உறை போட்டதால் எலி கடிக்குமா?

மதுரை ஏசி பட்டறை

டீச்சர், மனதுக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது. அந்தத் துண்டைப் பிள்ளைகளிடம் அவசியம் காட்டுங்கள்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் ஒரு முறை பார்த்தால் போதும். பானெட்டைத் திறந்ததும் டார்ச் அடித்து, கம்ப்ரஸரில் தொடங்கி இரண்டு லைன்களையும் கண்ணாலேயே பின்தொடர்ந்து, டேஷ்போர்டுக்குள் நுழையும் இடம்வரை போங்கள். அங்கே உள்ள ரப்பர் வளையம் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மினுமினுப்பு, கருப்புப் பொடி, எண்ணெய் வட்டம், வெள்ளைப் பூப்பு, இந்த நான்கில் எதைக் கண்டாலும் நின்று கவனியுங்கள். இதைத் தவிர, பம்பரையோ ஹெட்லைட்டையோ பேட்டரியையோ யாராவது கழற்றி மாட்டினால் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கிளிப்புகள் உடைவதும், எடுத்த கிளாம்பைத் திரும்ப மாட்டாமல் விடுவதும் அந்த வேலைகளில்தான்.

எலி, உறையைக் கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும், ஹீட்டர் ஹோஸ் துண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கவலைப்பட வேண்டியது கம்ப்ரஸர் பக்கம் இருக்கும் ரப்பர் ஹோஸைப் பற்றித்தான். அதில் பல் தடம் கண்டால் டேப் ஒட்டாமல் நேராகக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வண்டியைக் குப்பைத் தொட்டிக்கும் சாக்கடை மூடிக்கும் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். பேட்டரிக்கு அடியிலும் என்ஜின் மூடியின் மேலும் காய்ந்த இலை, துணி நூல், தேங்காய் நார் சேர்ந்திருந்தால் எலி கூடு கட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றே சுத்தம் செய்துவிடுங்கள்.